கத்தோலிக்கப் பள்ளியா, பப்ளிக் பள்ளியா? ஜேகே பதிவு தொடங்கிவிட்டது, வீட்டில் இரண்டு கட்சி

தயங்கும்_தகப்பன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகனுக்கு இந்த வருசம் நாலு வயதாகிறது, செப்டெம்பரில் ஜேகே (நாலு வயதுப் பிள்ளைகளின் கின்டர்கார்டன்) தொடங்க வேண்டும், பதிவும் தொடங்கிவிட்டது, எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. நான் யாழ்ப்பாணம், சைவம். மனைவி மன்னார், கத்தோலிக்கம். கல்யாணம் கோயிலிலும் நடந்தது, சேர்ச்சிலும் நடந்தது, வந்தவர்களுக்கு இரண்டு தரம் சாப்பாடு கிடைத்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருசமாக மதத்தை வைத்து வீட்டில் ஒரு சண்டையும் வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது.

கத்தோலிக்கப் பள்ளி ஆறு நிமிட நடை. மதம் சாராத பப்ளிக் பள்ளிக்குப் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும், பதினைந்து நிமிடம், பனிக்காலத்தில் நாலு வயதுப் பிள்ளையோடு என்றால் இருபத்தைந்து. மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, வளர்ந்து அவனே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஆனால் தாயின் ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டினாலே இடம் தருவோம் என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். மாமி அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்து மேசையில் வைத்துவிட்டா. என் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மூன்று நாளாகத் தேவாரத்தைக் கொஞ்சம் உரத்துப் பாடுகிறா.

படிப்பில் உண்மையாகவே வித்தியாசம் இருக்கிறதா? ஒழுக்கம் அங்கே கூட என்று சொல்வதெல்லாம் சரிதானா? பிள்ளை குழம்பிப் போவானா? பிள்ளைகளை அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.

கோவைக்காரன்

பிரதர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு கத்தோலிக்கப் பள்ளியில் போடுங்கள். நம்ம ஊரில் கான்வென்ட் சீட்டுக்காக விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் நின்று அப்ளிகேஷன் வாங்கினவர் என் அப்பா. அங்கே டொனேஷன், ஃபீஸ், சிபாரிசு எல்லாம் வேண்டும். இங்கே ஒரு காசு இல்லாமல், அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிறது, நீங்கள் வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள். யூனிஃபார்ம் இருக்கிறது, டீச்சர் கண்டிப்பாக இருப்பார்கள், ஃபிரேசர் என்கிற ஆய்வு நிறுவனம் போடுகிற பள்ளி ராங்கிங்கில் எங்கள் பகுதியில் மேலே இருப்பதில் பாதிக்கு மேல் செயிண்ட் என்று ஆரம்பிக்கிற பெயர்தான். நான் பிராம்டனில் இருக்கிறேன், வீட்டில் ஒருவரும் கத்தோலிக்கர் இல்லை, அதனால் என் பொண்ணுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதற்காகவே சர்ச்சுக்குப் போய் முறையாக வகுப்பெல்லாம் உட்கார்ந்து ஞானஸ்நானம் வாங்கியது. சீட் கிடைத்த பிறகு அந்தப் பக்கம் போனார்களா என்று கேட்காதீர்கள்.

வெண்கட்டி

நான் கத்தோலிக்க போர்ட் (பள்ளிகளை நடத்துகிற சபை) ஒன்றில்தான் படிப்பிக்கிறேன், பதினொரு வருசமாக. அதனால் கோவைக்காரன் சொன்னதில் இரண்டு மூன்று இடத்தைத் திருத்திவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலாவது, இதை ஊர்க் கான்வென்டோடு ஒப்பிடவே கூடாது. ஒன்ராறியோவில் அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளி அமைப்பு நாலு இருக்கிறது. ஆங்கில பப்ளிக், ஆங்கிலக் கத்தோலிக்கம், பிரெஞ்சு பப்ளிக், பிரெஞ்சுக் கத்தோலிக்கம். நாலுக்கும் பாடத்திட்டம் ஒரே கல்வி அமைச்சிலிருந்து வருகிறது. 3ஆம், 6ஆம் வகுப்பில் எழுதுகிற ஈகியூஏஓ என்கிற மாகாணச் சோதனை ஒன்றுதான். 1998இல் இருந்து பணமும் மாகாணம் ஒரே சூத்திரத்தில், பிள்ளைத் தலைக்கணக்கில்தான் கொடுக்கிறது. பப்ளிக் பள்ளி ஆசிரியரும் நானும் படித்த ஆசிரியர் பயிற்சி ஒன்று, பதிவு செய்திருக்கிற ஆசிரியர் ஒழுங்குமுறை அமைப்பும் ஒன்று. என்னிடம் கூடுதலாக இருந்தது பங்குத்தந்தையின் கடிதம், அது இல்லாமல் எங்கள் போர்ட்டில் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அந்தக் கடிதம் பின்னம் படிப்பிக்க உதவுகிறதா என்றால் இல்லை.

இரண்டாவது, அந்த ராங்கிங். அது ஈகியூஏஓ புள்ளிகளை வைத்துச் செய்கிற பட்டியல். அந்தப் பள்ளியைச் சுற்றி எப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன, பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள், டியூசனுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்குள் கலந்திருக்கும். ஒரு வகுப்பில் ஆறு பிள்ளைகள் புதிதாக நாட்டுக்கு வந்தவர்களாக இருந்தால் அந்த வருசம் பள்ளி கீழே போகும், அடுத்த வருசம் மேலே வரும், ரீச்சர் அதே ரீச்சர்தான்.

மூன்றாவது, யூனிஃபார்ம். வெள்ளைச் சேர்ட்டும் நீலக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு மதிய இடைவேளையில் பிள்ளைகள் செய்கிற வேலைகளை நான் எழுதப் போனால் எனக்கு வேலை போய்விடும்.

உண்மையான வித்தியாசம் என்னவென்றால், காலையில் ஒலிபெருக்கியில் செபம், மத பாடம், வருசத்தில் சில தடவை முழுப் பள்ளிக்கும் பூசை, திருவருகைக்காலம், தவக்காலம், சுகாதார பாடத்தோடு எங்களுக்கென்று தனியாக ஒரு குடும்ப வாழ்வுப் பாடம். இது உங்கள் வீட்டுக்குச் சரிவருமா என்று பாருங்கள். கணக்கையும் ஆங்கிலத்தையும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, அது இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரேபள்ளி

வெண்கட்டி சொன்ன வரியை நான் அப்படியே பிடித்துக்கொள்கிறேன். "பாடத்திட்டம் ஒன்று, பணம் ஒன்று, சோதனை ஒன்று." அப்படியென்றால் ஒரே தெருவில் இரண்டு கட்டடம், இரண்டு போர்ட், இரண்டு பஸ் எதற்கு? எல்லா மதத்துக்காரர்களும் கட்டுகிற வரியில் ஒரு மதத்துக்கு மட்டும் பள்ளி நடத்துவது எந்த ஊர் நியாயம்?

1867ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 93ஆம் பிரிவு என்று காரணம் சொல்வார்கள். அது அன்றைக்கு இங்கிருந்த கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தினரும் செய்துகொண்ட பேரம். மேல் வகுப்புகளுக்கு முழுப் பணம் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1984இல் அப்போதைய மாகாண முதல்வர் பில் டேவிஸ் அறிவித்து 1985இல் இருந்து. 1999இல் ஐநா மனித உரிமைக் குழுவே இது பாகுபாடு என்று சொல்லிவிட்டது, யூதத் தகப்பன் ஒருவர் கொண்டுபோன வழக்கில். கியூபெக் 1997இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி மத போர்ட்டுகளை மொழி போர்ட்டுகளாக மாற்றிக்கொண்டது. நியூஃபவுண்ட்லாந்து மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தே மூடியது. வானம் இடிந்து விழவில்லை. இங்கே மட்டும் ஒரு கட்சிக்கும் துணிவு இல்லை.

நாளைக்கு நீங்கள் ஒரு சைவப் பள்ளி தொடங்கினால் மாகாணம் ஒரு சதம் தருமா? தராது. 2007 மாகாணத் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் ஜோன் ரோறி எல்லா மதப் பள்ளிக்கும் பணம் என்று கேட்டுத்தான் தோற்றார். மற்றவர்களுக்குக் கொடுக்க இவர்களுக்கு மனமில்லை, கத்தோலிக்கருக்குக் கொடுப்பதை நிறுத்தவும் துணிவில்லை. உங்கள் மகனை அங்கே பதிந்தால் அந்தத் தலைக்கணக்குக்கு ஒரு தலை கூடுகிறது. அதோடு இன்னொன்றையும் யோசியுங்கள் தம்பி, கத்தோலிக்க போர்ட்டின் அறங்காவலரைத் தெரிவு செய்ய உங்களுக்கு ஓட்டு இல்லை. மனைவிக்கு இருக்கும், உங்களுக்கு இருக்காது. சொந்தப் பிள்ளை படிக்கிற போர்ட்டில் தகப்பன் வெளியாள்.

மடுமாதா_பிள்ளை

ஒரேபள்ளி அண்ணை ஒவ்வொரு இழையிலும் இந்த 1867ஐத் தூக்கிக்கொண்டு வருவார், நாங்களும் ஒவ்வொரு முறையும் வாசிக்கிறோம். அந்தத் தகப்பன் கேட்டது மகனுக்கு எந்தப் பள்ளி என்று. அரசியல் சட்டத்தைத் திருத்துவதா என்று கேட்கவில்லை.

சரி, நீங்கள் வரலாறு பேசினால் நானும் பேசுகிறேன். 1960இல் இலங்கையில் அரசு உதவியோடு மத அமைப்புகள் நடத்திய பள்ளிகளை அரசாங்கம் எடுத்தபோது என்ன நடந்தது? "ஒரே அமைப்பு, எல்லோருக்கும் சமம்" என்றுதான் சொன்னார்கள். பெற்றோர் பல இடங்களில் பள்ளிக்குள்ளே போய் இருந்து மறியல் செய்தார்கள். என் அம்மம்மா இரண்டு இரவு பள்ளிக்கூட வாங்கில் படுத்தவ, மாமா அப்போது கைக்குழந்தை. எடுத்த பிறகு சமம் வந்ததா, தமிழனுக்கு என்ன வந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரசாங்கம் ஒரே கையில் எல்லாப் பள்ளியையும் வைத்திருந்தால் நல்லது என்று மற்ற ஆட்கள் சொல்லட்டும், எங்களுடைய ஆட்கள் சொல்வதுதான் எனக்கு விளங்குவதில்லை.

என்னுடைய மூன்று பிள்ளைகளும் கத்தோலிக்கப் பள்ளி. படிப்பில் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளி, பங்கு, வீடு மூன்றும் ஒரே ஆட்கள். போன வருசம் கணவருக்கு ஆபரேசன் நடந்தபோது மகளின் வகுப்புத் தாய்மார் முறை வைத்துப் பதினெட்டு நாள் சாப்பாடு கொண்டுவந்தார்கள், அதில் பிலிப்பீன்ஸ்காரர் ஐந்து பேர், போர்த்துக்கீசர் இரண்டு பேர், பெயர்கூட எனக்கு முதல் தெரியாது. பப்ளிக் பள்ளியிலும் நல்ல மனிதர் இருக்கிறார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்க மாட்டீர்கள். தம்பி, மனைவி கத்தோலிக்கம், மாமி பக்கத்தில், பள்ளி ஆறு நிமிடம். இதைவிட என்ன வேண்டும்?

ஒரேபள்ளி

தங்கச்சி, பள்ளிகளை எடுத்ததும் பிறகு நடந்ததும் ஒன்றுக்கொன்று காரணம் என்று காட்டுவது கஷ்டம், ஆனால் நீங்கள் தொடங்கிவிட்டீர்கள், அதனால் இன்னும் பின்னால் போகிறேன். ஆறுமுக நாவலர் மிசன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவி செய்தவர். அப்படிப்பட்டவரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஏன்? படிப்போடு சேர்த்து இன்னொன்றும் உள்ளே போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. உள்ளே இருந்து பார்த்தவர் அவர்.

மடுமாதா_பிள்ளை

நாவலர் கண்ட மருந்து என்ன அண்ணை? தன் மதத்துக்கு ஒரு பள்ளி. நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி கூப்பிட்டிருக்கிறீர்கள்.

கோவைக்காரன்

ஹா ஹா, அக்கா அடித்த அடி.

இரவு_ஷிப்ட்

நாவலரை விடுங்கள். பள்ளி விட்ட பிறகு பிள்ளையைப் பார்க்கும் இடம் எந்தப் பள்ளிக்குள் இருக்கிறது, இடம் இருக்கிறதா, அதைக் கேட்டீர்களா? இரண்டு பேரும் வேலை என்றால் மூன்றரை மணிக்கு யார் போய் நிற்பது? நான் இதை விசாரிக்காமல் பதிந்து ஒரு வருசம் பட்ட பாடு எனக்குத் தெரியும். நித்திரை கொள்ள வேண்டிய நேரத்தில் ஸ்னோ பூட்ஸ் மாட்டிக்கொண்டு பள்ளி வாசலில் நின்றேன்.

ஓட்டு விசயம் வேறு. ரொறன்ரோவின் பப்ளிக் போர்ட் (டிடிஎஸ்பி), கத்தோலிக்க போர்ட் (டிசிடிஎஸ்பி) இரண்டையுமே 2025 ஜூனில் மாகாணம் தன் மேற்பார்வைக்குள் எடுத்தது. அறங்காவலருக்கு ஓட்டுப் போடுவதை நினைத்து ஒருவரும் நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

பழைய_மாணவி

நான் வழக்கமாக வாசித்துவிட்டுப் போய்விடுவேன், எழுத மாட்டேன். தமிழும் சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் மன்னியுங்கள். ஆனால் இந்தக் கேள்வியில் வருகிற பிள்ளை நான்தான். அப்பா சைவம், அம்மா கத்தோலிக்கம், எனக்கு ஞானஸ்நானம் இல்லை, அம்மாவின் சான்றிதழில் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ந்தேன். இப்போது இருபத்தேழு வயது.

குழம்புவானா என்று கேட்டிருந்தீர்கள். சின்ன வயதில் குழப்பம் ஒன்றும் இல்லை. ஜேகேயில் நான் வீட்டுச் சாமி அறையில் பிள்ளையாருக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் தோப்புக்கரணம் போடுவேனாம், அப்பம்மா சிரித்துவிட்டு விட்டுவிடுவாவாம். பிள்ளைகளுக்கு இரண்டு சாமி இருந்தால் இரண்டு மடங்கு பாதுகாப்பு, அவ்வளவுதான்.

கஷ்டம் வந்தது இரண்டாம் வகுப்பில். அந்த வருசம் புதுநன்மை, பூசையில் நற்கருணை அப்பத்தை முதல்முறை வாங்குகிற சடங்கு. மத பாடம் முழுக்க அதுதான், கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து மே மாதம் வரை. அப்பத்தை எப்படிக் கையில் வாங்குவது என்று வகுப்பிலேயே பழக்குவார்கள், இடது கைக்குக் கீழே வலது கை. நானும் பழகினேன், நன்றாகவே பழகினேன். எனக்கு ஞானஸ்நானம் இல்லாததால், பிறகு ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிக அன்பாகத்தான், "நீ வரிசையில் வரலாம், ஆனால் கையை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு வா, ஃபாதர் உனக்கு ஆசீர் தருவார்" என்று சொன்னா. வகுப்பில் அப்படிக் கைகட்டி வந்தது நானும் இன்னொரு பையனும். அந்த வெள்ளைச் சட்டை, தலையில் வைக்கிற பூ, பிறகு வீட்டில் நடக்கிற பார்ட்டி, ஒன்றும் எனக்கு இல்லை. அம்மா வேறொரு வெள்ளைச் சட்டை வாங்கித் தந்தா. அது சரியாக இருக்கவில்லை, ஏன் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒவ்வொரு பூசையிலும் நான் கையைக் கட்டிக்கொண்டுதான் போனேன். உறுதிப்பூசுதல் என்கிற அடுத்த சடங்கு வந்த வருசத்தில் இன்னொரு தரம் எல்லாம் நடந்தது, அப்போது மட்டும் நான் வரிசையிலேயே போகாமல் வாங்கில் இருந்துவிட்டேன்.

யாரும் என்னை ஒதுக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். நல்ல ரீச்சர்மார், இன்றைக்கும் எனக்கு இருக்கிற நெருங்கிய இரண்டு தோழிகள் அந்தப் பள்ளிதான். ஆனால் "அவனே தீர்மானிக்கட்டும்" என்று நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்கு என் அப்பாவின் குரல் கேட்டது. ஏழு வயதில் அந்த வரிசையில் நின்று தீர்மானிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் அப்பத்தைத்தான் கேட்கும். நானும் கேட்டேன். வீட்டில் அப்போது ஒருவருக்கும் பதில் இருக்கவில்லை.

மடுமாதா_பிள்ளை

பிள்ளை, வாசிக்கவே மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. என் மகளின் வகுப்பிலும் கைகட்டி வருகிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், நான் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்து அவர்களைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், பிழையாக எடுக்காதே. அப்போது உனக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் இந்தக் கஷ்டம் இருந்திராதே?

பழைய_மாணவி

இருந்திராது அக்கா. பப்ளிக் பள்ளியில் போட்டிருந்தாலும் இருந்திராது. இரண்டில் ஒன்றை அவர்கள் செய்திருக்கலாம்.

வெண்கட்டி

இரண்டாம் வகுப்பு நான் நாலு வருசம் எடுத்திருக்கிறேன். பழைய மாணவி சொன்ன அந்தத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் பிள்ளையின் முகம் மாறும். இதைப் பதிவு நாளில் ஒருவரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. சான்றிதழ் இருக்கிறதா, தடுப்பூசி அட்டை இருக்கிறதா, விலாசத்துக்கு அத்தாட்சி இருக்கிறதா, சரி போங்கள். மூன்று வருசம் கழித்துத்தான் தெரியவரும். உயர்பள்ளியில் விலக்குக் கேட்க வழி இருக்கிறது, ஆனால் கீழ் வகுப்புகளில் கத்தோலிக்க போர்ட்டின் ஆதரவாளராகப் பதிந்தவரின் பிள்ளை என்று சேர்ந்துவிட்டு மத பாடம் வேண்டாம் என்று கேட்க முடியாது. பள்ளியின் நாள் முழுக்க அது பரவியிருக்கிறது, எதிலிருந்து விலக்குவது?

கோவைக்காரன்

உயர்பள்ளி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் டீச்சர். 9ஆம் வகுப்பில் கத்தோலிக்கப் பள்ளியில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஒருவர் சொன்னார். பொண்ணு இப்போது 7ஆம் வகுப்பு.

வெண்கட்டி

சேரலாம். கத்தோலிக்க உயர்பள்ளி எல்லோருக்கும் திறந்தது, இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சான்றிதழ் கேட்பது ஆரம்பப் பள்ளிக்கு. மதம் வருசத்துக்கு ஒரு கிரெடிட் (ஒரு பாடம் முடித்தால் கிடைப்பது), நாலு வருசத்தில் நாலு. உயர்பள்ளி டிப்ளோமாவுக்கு வேண்டியது முப்பது கிரெடிட், அதில் இந்த நாலு போனால் பிள்ளை விருப்பப் பாடமாக எடுக்கிற இடம் சுருங்கும். மூன்று விஞ்ஞானம், இரண்டு கணக்கு, இசை, கம்பியூட்டர் எல்லாம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு நெருக்கமாகத்தான் இருக்கும். கத்தோலிக்கர் அல்லாத பெற்றோர் எழுதிக் கொடுத்தால் சட்டப்படி விலக்குத் தர வேண்டும். பூசை, தியான நாள் எல்லாம் அந்த விலக்குக்குள் வரும் என்று ஒரு தகப்பன் வழக்குப் போட்டு 2014இல் வென்றார்.

ஆனால் விலக்குக் கேட்க அவசரப்பட வேண்டாம். 11ஆம் வகுப்பில் பெரும்பாலும் உலக மதங்கள்தான் படிப்பிப்பார்கள், சைவப் பிள்ளைகள் அதில் நன்றாகச் செய்வார்கள். 12ஆம் வகுப்பு மத பாடத்தைப் பல துறைகள் பல்கலைக்கழகத்துக்குக் கணக்கெடுக்கிற ஆறு பாடங்களுக்குள் சேர்க்கலாம். அதில் தொண்ணூறு வாங்கி சராசரியைத் தூக்கிக்கொண்டு பொறியியலுக்குப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அங்கே கேட்கிற பாடங்கள் வேறு. நாற்பது மணிநேரச் சமூக சேவை இரண்டு பக்கமும் உண்டு.

ஒரேபள்ளி

இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற யோர்க் கத்தோலிக்க போர்ட் 2023இல் ஓரினச்சேர்க்கையாளர், திருநர் உரிமைக்கான வானவில் கொடியை ஏற்ற மாட்டோம் என்று வாக்கெடுத்து நிறுத்தியது. பிள்ளை நாளைக்கு எப்படி வளரும் என்று எந்தத் தாய் தகப்பனுக்குத் தெரியும்?

மடுமாதா_பிள்ளை

ரொறன்ரோ கத்தோலிக்க போர்ட் 2021இல் ஏற்றுவோம் என்று வாக்கெடுத்தது. இவர் ஸ்காபரோவில் இருக்கிறார். யோர்க்கை ஏன் இழுக்கிறீர்கள்? பாதியை மட்டும் சொல்கிற பழக்கத்தை விடுங்கள். 2012இல் இருந்து மாணவர் கேட்டால் ஓரினச்சேர்க்கை மாணவருக்கு ஆதரவான சங்கத்தை எல்லாப் பள்ளியும் அனுமதிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, கத்தோலிக்கப் பள்ளியும் சேர்த்துத்தான்.

ஒரேபள்ளி

ஏற்றலாமா என்று வாக்கெடுக்க வேண்டி வந்ததே, அதைத்தான் சொல்கிறேன்.

சரி, இதை இங்கே நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் இழை வேறு பக்கம் போய்விடும். உண்மையைச் சொன்னால் நானும் என் மகளும் இந்தக் கதையில் ஒரே பக்கம் இல்லை. அவ தன் மகனைக் கத்தோலிக்க உயர்பள்ளியில் போட்டிருக்கிறா, கூடைப்பந்து அணி நல்லதாம். நான்தான் செவ்வாயும் வியாழனும் கொண்டுபோய் விடுகிறேன். வாசலில் நிற்கிற மாதா சிலைக்கு முன்னால் காரை நிறுத்தக் கூடாது என்று ஒரு தரம் டிக்கெட்டும் வாங்கினேன்.

கோவைக்காரன்

அண்ணே, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் எங்களுக்கு நேரம் மிச்சமாகியிருக்கும்.

தயங்கும்_தகப்பன்

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக இதை வாசித்து, பழைய மாணவி எழுதியதை மனைவிக்கு வாசித்தும் காட்டினேன். பிறகு இரண்டு பள்ளிக்கும் போய்ப் பார்த்தோம்.

கத்தோலிக்கப் பள்ளி நன்றாகத்தான் இருந்தது. கின்டர்கார்டன் அறையில் ஒரு மூலையில் சின்ன மேசை, அதில் ஊதா நிறத் துணி, பிள்ளைகள் களிமண்ணில் செய்த இயேசு பாலகன், ஒரு கால் மற்றக் காலைவிட நீளம். மனைவி அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றா. பப்ளிக் பள்ளியில் அதே மாதிரி அறை, அந்த மூலையில் மீன் தொட்டி. சுவரில் பிள்ளைகளின் பெயர்களை அவரவர் வீட்டு மொழியில் எழுதி ஒட்டியிருந்தார்கள், அதில் ஒரு தமிழ்ப் பெயரில் ழகரம் தலைகீழாக இருந்தது. ரீச்சரிடம் சொன்னேன், உடனே கழற்றித் தந்து "சரியாக எழுதித் தாருங்கள்" என்றா. எழுதிக் கொடுத்தேன். மகன் இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டான், இங்கே லெகோ இருக்கிறதா. இரண்டிலும் இருக்கிறது.

அன்றிரவு மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஞானஸ்நானம் கொடுக்கிறதென்றால் கொடுத்துவிட்டு அங்கே அனுப்புவோம், நீங்கள் அதற்கு மனதோடு சம்மதமா சொல்லுங்கள். சம்மதமில்லை என்றால் என் சான்றிதழைக் காட்டிப் பிள்ளையைக் கொண்டுபோய் அந்த வரிசையில் கைகட்டி நிற்க விட நான் தயாரில்லை. எனக்கு அந்த அப்பம் பெரிய விசயம். இடம் கிடைக்கும் என்பதற்காக அதைப் பாவிக்க மாட்டேன்." இத்தனை நாள் நான் மாமிக்குப் பயந்து, அம்மாவுக்குப் பயந்து யோசித்துக்கொண்டிருந்தேன், மனைவிக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று கேட்கவே இல்லை. சம்மதமா என்று கேட்டபோது எனக்கு உடனே ஆம் என்று வரவில்லை. அந்த மௌனத்திலேயே அவவுக்கு விளங்கிவிட்டது.

அதனால் பப்ளிக் பள்ளியில் பதிந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தாயோடு பூசைக்குப் போவான், வெள்ளிக்கிழமை என்னோடு கோயிலுக்கு வருவான், அது இப்போது போலத்தான். மாமி சான்றிதழை எடுத்து உள்ளே வைத்துவிட்டா, இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. அம்மாவின் தேவாரம் பழைய சத்தத்துக்கு வந்துவிட்டது.

மடுமாதா_பிள்ளை

எனக்கு இது சரியான முடிவாகத் தெரியவில்லை தம்பி, மனைவி சொன்ன காரணத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஞானஸ்நானம் கொடுக்க இப்போதும் நேரம் போய்விடவில்லை. மாமியிடம் நீங்களாகப் போய்க் கதையுங்கள், மற்றவர்கள் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள்.

இரவு_ஷிப்ட்

எல்லாம் சரி. பள்ளி விட்ட பிறகு பார்க்கும் இடம் கேட்டீர்களா?

தயங்கும்_தகப்பன்

கேட்டேன் அண்ணை. காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தோராவது பெயர். செப்டெம்பரில் மூன்றரை மணிக்கு அந்தப் பெரிய ரோட்டைக் கடந்து போய் நிற்கப் போவது மாமிதான், அதனால் முதலில் அவவைக் கதைக்க வைக்க வேண்டும்.